எதுவும் இல்லாத கடிதம்

ஜவ்வாது மலை
23 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கல்பனா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மலைத் தண்ணீர் இந்த வருடம் ஒத்துக்கொண்டது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முதுகுவலி தேவலையா, இல்லை அதோடுதான் லோடு வண்டி ஓட்டுகிறாரா?

இனி நமக்குக் கடிதம்தான் வழி. இங்கே டவர் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். அங்கேயும் இரண்டு நிமிடத்தில் அறுந்துவிடும். நான் பி.எட். படித்தபோது நீ வாரம் ஒரு கடிதம் போட்டாயே, அதே மாதிரி போடு. தபால்காரர் சிங்காரம் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறார். தலைமை ஆசிரியர் கோபால்சாமி சார் பெண்கள் விடுதிப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டதால், சனி ஞாயிறுகூட நான் கீழே இறங்க முடியாது.

பதினொன்றாம் வகுப்புக்கு இந்த வருடம் ஒரு புது வேலை ஆரம்பித்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சிறுகதை. பழைய வாரப்பத்திரிகையிலிருந்து கிழித்து வைத்திருந்தேன், எழுதியவர் பெயர் இருந்த பக்கம் தொலைந்துவிட்டது. ஒரு அப்பா, மகளை வெளியூர் வேலைக்கு வழியனுப்ப வருகிறார். மழை பெய்கிறது. கையில் குடை இருக்கிறது, அவர் விரிக்கவே இல்லை. இருவரும் நனைந்துகொண்டே நிற்கிறார்கள். பஸ் வருகிறது, அவள் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஏன் குடையை விரிக்கவில்லை என்று கேட்டேன்.

முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் ஒரே பதில் எழுதினார்கள். ‘குடை தந்தையின் பாதுகாப்பைக் குறிக்கிறது.’ எந்த நோட்ஸிலும் இல்லாத கதைக்கு நோட்ஸ் மாதிரியே பதில் எழுதுகிறார்கள் அக்கா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னராஜ் என்று ஒருவன், சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல்தான் எதையும் பார்ப்பான். “குடை புச்சு மிஸ். நனைஞ்சா வீணாப்பூடும்” என்றான். வகுப்பே சிரித்தது. கதையைப் படித்துவிட்டுச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

எழுதியதைப் படிக்க யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். எழுதாததைப் படிக்க நான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்புத் தங்கை,
கல்பனா


கண்ணமங்கலம்
5 ஜூலை 2024

என் அருமைப் பாப்பாவுக்கு,

அக்கா மஞ்சுளா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் சுகமாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. விடுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டிக்கொண்டு நிற்காதே.

மாமாவுக்கு முதுகுவலி இருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். தைலம் தேய்க்கும்போது எந்த இடத்தில் முனகுகிறார் என்று பார்த்துக் கண்டுபிடிக்கிறேன்.

உன் கதையில் வருகிற மனுஷன் குடையை மறந்துவிட்டான், வேறென்ன. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிற ஆள் நம் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். இதற்கா பிள்ளைகளைப் போட்டு வாட்டுகிறாய்?

போன வாரம் நம் தையல் கடையில் ஒரு கூத்து. ஆரணி ரோட்டு மளிகைக்காரர் மகளுக்குக் கல்யாண ஜாக்கெட். இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தைத்துவிட்டேன். அந்தப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, ஒரு கை முன்னாடி போவுது, ஒரு கை பின்னாடி போவுது” என்று கண்ணாடி முன்னால் நிற்கிறாள். இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி, வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். கடையில் வெளிச்சம் போதவில்லை. இரண்டு ட்யூப்லைட் புதிதாகப் போட்டாயிற்று, அப்போதும் மங்கலாகத்தான் இருக்கிறது. வோல்டேஜ் கோளாறு என்று நினைக்கிறேன்.

புடவைக்கு ஃபால்ஸ் தைக்கத் தெருக்கோடி இளவரசி தினமும் நம் கடைக்கே வந்துவிடுகிறாள். எனக்கும் பேச்சுத்துணை. நீ பஸ்ஸில் இடிபட்டு வர வேண்டாம். வேலையைப் பார்.

உன் அக்கா,
மஞ்சுளா


ஜவ்வாது மலை
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. இரண்டு இடது கை ஜாக்கெட்டை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கெங்கம்மாள் டீச்சர் சிரித்துச் சிரித்துத் தேநீரை மேலே கொட்டிக்கொண்டார்.

இன்னொன்று. உன் எழுத்து ஏன் இப்படிப் பெருத்துப் போனது? ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வரிதான் இருக்கிறது. என்னிடம் பேச விஷயம் குறைந்துவிட்டதால் எழுத்தைப் பெரிதாக்கி நிரப்புகிறாய், சரிதானே? முதல் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டு ஞாபகம் வந்தது.

குடைக்குப் பதில் கிடைத்துவிட்டது. பூவிழி என்று ஒரு பெண். காவலூருக்குப் பக்கத்துக் குக்கிராமம், அப்பா ஆடு மேய்க்கிறார். ஒரு மாதமாக வாயே திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மெதுவாக எழுந்து, “குடைய விரிச்சா ரெண்டு பேரும் அதுக்குள்ள கிட்டக்க நிக்கணும் மிஸ். கிட்டக்க நின்னா அவரு போவாதன்னு சொல்லிடுவாரு” என்றாள். இருபது தடவை படித்த கதை, எனக்கே இது தோன்றவில்லை.

எப்படி இதைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அந்த அப்பா கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதனால் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். கரும்பலகையில் அதையே எழுதிப் போட்டேன்: வாய் பேசாதபோது கையைப் பார்.

ஆடி வெள்ளிக்கு ஒருநாள் லீவு கேட்டு வரட்டுமா? கூழ் வார்க்கும்போது நான் இல்லாமல் இருந்ததே இல்லை.

உன் அன்பு,
கல்பனா


கண்ணமங்கலம்
14 ஆகஸ்ட் 2024

பாப்பாவுக்கு,

உன் மாமாவும் நானும் சௌக்கியம். உன் சளி போய்விட்டதா? போனில் பேசினபோது மூக்கடைத்த குரலாக இருந்தது. கற்பூரவல்லி கசக்கிக் குடி.

பதில் எழுதத் தாமதம். ஆடி வெள்ளி முடிந்துவிட்டது, நீ வரவில்லை என்று மனம் வருந்தாதே, வந்திருந்தாலும் எனக்கு உன்னைக் கவனிக்க நேரம் இருந்திருக்காது. கூழ் இந்தத் தடவை நன்றாகப் புளித்திருந்தது, தெருமுனைக்கே வாசனை அடித்தது. பம்பைக்காரர்கள் நல்ல அடி அடித்தார்கள், நெஞ்சுக்குள் கேட்டது. நான் கூட்டத்துக்குள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். புதுப் பட்டுப் புடவைகள் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன. எதிர்வீட்டுக் குப்பம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டு நான்தான் முதலில் பேச்சுக் கொடுத்தேன், அவள் ஆச்சரியப்பட்டுப் போனாள்.

மளிகைக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது, இளவரசி வாசித்துக் காட்டினாள். ஆனிக் கடைசியில் நடந்த அந்தக் கல்யாணச் சாப்பாட்டில் வடை மொறுமொறு என்று இருந்தது. பாயசத்தில் முந்திரி கம்மி.

கடையில் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறேன். நூல்கண்டு டப்பா ஒவ்வொன்றின் மூடியிலும் வேறு வேறு பொத்தானை ஒட்டி வைத்துவிட்டேன். ஒன்றில் தட்டைப் பொத்தான், ஒன்றில் குண்டுப் பொத்தான், ஒன்றில் நாலு ஓட்டை, ஒன்றில் கோட்டுப் பொத்தான். இளவரசி அழகாக இருக்கிறது என்றாள். நேற்று மழை, தகரத்தில் விடாமல் கொட்டியது. வாசல் நடை தட்டிக் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, பத்துப் போட்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை.

வேறு விசேஷம் இல்லை. உன் பூவிழிக்கு என் ஆசி. நல்ல பெண்ணாக இருப்பாள் போலிருக்கிறது.

அக்கா,
மஞ்சுளா


ஜவ்வாது மலை
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உன் கால் நகம் எப்படி இருக்கிறது? மண்ணில் வெறுங்காலோடு நடக்காதே.

நான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. குடை பலித்ததும் பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இப்போது எதைப் பார்த்தாலும் குறியீடு. விடுதிச் சாம்பாரில் ஒரே ஒரு முருங்கைக்காய் மிதந்தால் அது தனிமையின் குறியீடு. பஸ் வராவிட்டால் அது சமூகத்தின் குறியீடு. சின்னராஜ் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து, வெற்றுப் பக்கத்தைக் காட்டி, “இதுல எழுதாதத படிங்க மிஸ்” என்கிறான். அடிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

எல்லா எழுத்துக்குள்ளும் மறைவு இருக்காது, சிலது சொன்னதைச் சொன்னபடியே சொல்லும் என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு நேரான எழுத்து வேண்டும். யோசித்துப் பார்த்தேன், உன் கடிதத்தைவிட நேரானது கிடையாது. கூழ், வடை, பொத்தான், மழை, அவ்வளவுதான். ஆடி மாதக் கடிதத்தை, யார் எழுதியது என்று சொல்லாமல், காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் பதின்மூன்றாம் தேதி வகுப்பில் வாசிக்கப் போகிறேன். டைலர் ஒருவர் உறவுக்காரருக்கு எழுதியது என்று மட்டும் சொல்வேன். இதில் மறைவாக ஏதாவது இருந்தால் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று சவால் விடப் போகிறேன்.

உன் பெயர் வெளியே வராது. கோபித்துக்கொள்ளமாட்டாயே? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

கல்பனா


கண்ணமங்கலம்
7 செப்டம்பர் 2024

பாப்பா,

நலம்தான். உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது, உடனே எழுதுகிறேன்.

என் கடிதத்தை வகுப்பில் படிக்காதே. நான் எட்டாவது தாண்டாதவள். பத்துப் பேர் முன்னால் படிக்கிற மாதிரியா எழுதுகிறேன்? எழுத்துப் பிழையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும். வேறு யாருடையதையாவது படி. என் பேச்சைக் கேள்.

மஞ்சுளா


ஜவ்வாது மலை
13 செப்டம்பர் 2024

அக்கா,

உன் கடிதம் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு என் கைக்கு வந்தது. அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

காலையில், பூவிழி பெயர் வருகிற கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இதில் என்ன மறைந்திருக்கிறது என்று கேட்டேன். சின்னராஜ் எழுந்து, “ஒண்ணுமில்ல மிஸ். அவுங்க பாட்டுக்கு எழுதிக்கினு போறாங்க” என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தீர்களா, எல்லாமே குறியீடு இல்லை என்று சொல்லிக் கடிதத்தை மடித்தேன்.

பூவிழி கையைத் தூக்கினாள். “மிஸ், இத எழுதுன அம்மாவுக்குக் கண்ணு தெரிலயா?” என்றாள்.

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். “டைலர்னு சொன்னீங்க. ஒரு கலருகூட வர்ல மிஸ்.”

நான் கடிதத்தைத் திரும்பப் பிரித்தேன். புடவை சரசரக்கிறது, அதற்கு நிறம் இல்லை. குப்பம்மா செருப்புச் சத்தமாக வருகிறாள். பத்திரிகையை வேறொருத்தி வாசிக்கிறாள். வருடா வருடம் கூட்டத்துக்குள் நின்று யார் என்ன புடவை, என்ன கரை என்று எனக்குக் காட்டுகிற நீ, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

அப்புறம் பூவிழி பொத்தானைப் பற்றிச் சொன்னாள். அவள் அப்பா இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சந்தைக்குப் போய், ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒவ்வொரு விதமான மணி வாங்கி வந்து கட்டினாராம். “நாங்க அழகுக்குன்னு நெனச்சோம் மிஸ். எந்த ஆடு எங்க கீதுன்னு சத்தத்துல கண்டுபுடிக்கத்தான் கட்டிக்கீறாரு. கண்ணு மங்கிப்போனத எங்ககிட்ட சொல்லவே இல்ல. இந்த அம்மாவும் நூலு கலரு தெரியாமத்தான் பொத்தான் ஒட்டிக்கீறாங்க.”

மதியம் பாறைமேல் ஏறி உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாய். “பைத்தியமா பாப்பா நீ, கலரு எழுதலன்னா குருடா? போய் புள்ளைங்களுக்குச் சோறு போடு” என்றாய். லைன் அறுந்துவிட்டது. நீயே அறுத்தாயோ என்னவோ.

எல்லாக் கடிதங்களையும் கட்டில்மேல் பரப்பி வைத்திருக்கிறேன். பி.எட். காலத்துக் கடிதங்களில் பால்பாயின்ட் பேனா. ஜூலையில் பெரிய எழுத்து. ஆகஸ்டில் பார்சல்மேல் எழுதுகிற மார்க்கர் பேனா. வரி மேலே ஏறுகிறது, கீழே விழுகிறது. நான் இதைப் பார்த்து சிலேட்டு என்று கேலி செய்திருக்கிறேன்.

விடுதியைக் கெங்கம்மாள் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை அக்கா.

கல்பனா


ஜவ்வாது மலை
6 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

காலாண்டு விடுமுறை முடிந்து நல்லபடியாக மலைக்கு வந்து சேர்ந்தேன். கோபம் தீரவில்லை. நேரில் உன்மேல் கோபப்பட மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தாய். என் தோளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்துச் சிரித்தாய். தண்ணீர் கொடுக்கும்போது எவ்வளவு நிரம்பியது என்று தெரிய டம்ளருக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தாய். மாமா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு அழுதார். சொல்லக்கூடாது என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாயாம்.

வேலூர் டாக்டர் சொன்னதை நீ மறந்துவிடுவாய், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். சர்க்கரை கவனிக்காமல் விட்டதில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். அதற்கு லேசரும், கண்ணுக்குள் ஊசியும். தேதி தவறினால் அதுவும் இடது கண்ணின் வழிக்கே போகும். முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது நவம்பர் பதினொன்று, திங்கட்கிழமை. காலண்டரில் பெரிதாக வட்டம் போட்டிருக்கிறேன்.

ஊசி போடும்போது டாக்டரிடம், “ஊசியெல்லாம் எனக்குப் பழக்கம் சார், நான் டைலரு” என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாய். எல்லோரையும் சிரிக்க வைக்கிறாய். என்னிடம் ஏன் மறைத்தாய்? மூன்று மாதம் முன்னால் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார் டாக்டர். நான் என்ன அந்நியமா? கண்ணமங்கலம் பக்கமே மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். நீ சொன்னால் அனுப்பிவிடுவேன்.

பூவிழியின் அப்பாவை இங்கே கண் முகாமில் காட்டினோம். அவருக்கு வெறும் கண்புரைதானாம், அறுவை செய்தால் சரியாகிவிடும். உனக்கும் அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்து ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

மாத்திரையை வேளைக்குப் போடு.

கல்பனா


கண்ணமங்கலம்
20 நவம்பர் 2024

பாப்பாவுக்கு,

இதை எழுதுவது இளவரசி. நான் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும், நடுவில் மூக்கை உறிஞ்சக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நானும் மாமாவும் இருக்கிறோம். உனக்கு உடம்பு எப்படி? தீபாவளிக்கு வந்து இரண்டு நாளும் உர்ரென்று உட்கார்ந்திருந்தாய், அதிரசம்கூடத் தொடவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்டு எழுதியிருந்தாயே, அதற்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம், மறைத்தேன். கடிதத்தை நிறுத்தினால் நீ ஓடி வந்துவிடுவாய் என்று மார்க்கர் பேனா வாங்கி எழுதினேன். ஆனால் பாப்பா, இரண்டு இடது கை தைத்தேன் என்று உனக்கு மட்டும்தான் எழுதினேன். வெளிச்சம் போதவில்லை என்று எழுதினேன். நடை தட்டியது என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வரி போட்டு வைப்பேன், நீ என்னக்கா என்று கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று. உன் பதில் வரும் வரைக்கும் தபாலை எதிர்பார்த்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். பதிலில் நீ சிரித்திருப்பாய். அப்பாடா என்றும் இருக்கும், அழுகையும் வரும்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் ஒன்றுமில்லை என்று நம்ப உன்னைப் பழக்கியது நான்தான். இப்போது நம்பிவிட்டாய் என்று வருத்தப்பட்டால் நியாயமா?

மாறுதல் எல்லாம் கேட்காதே. அந்தப் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் உன்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டேன்.

மற்றபடி கார்த்திகை முகூர்த்தம், கடையில் நிற்க இடமில்லை. இளவரசி இப்போது வெட்டவே கற்றுக்கொண்டாள், நான் தடவிப் பார்த்துப் பிழை சொல்கிறேன். மாமாவுக்கு முதுகில் பெல்ட் போட்டிருக்கிறார்கள். குப்பம்மா வீட்டில் பசு கன்று போட்டது, சீம்பால் வந்தது. மழை வரும் போலிருக்கிறது, காற்று ஈரமாக அடிக்கிறது. வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. போர்த்திக்கொண்டு தூங்கு.

அக்கா மஞ்சுளா
(சொல்லச் சொல்ல எழுதியது இளவரசி)


ஜவ்வாது மலை
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஒரு வாரம் பஸ் இல்லை. டவரும் விழுந்துவிட்டது, பாறைமேல் ஏறினாலும் ஒன்றுமில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. சிங்காரம் ஐந்து மைல் நடந்து கொண்டு வந்து கொடுத்தார்.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. நீ ஒவ்வொரு வரியாகப் போட்டாய், நான் சிரித்தேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டால் நீ அதையும் சிரித்துத் தட்டிவிடுவாய், அதனால் கேட்கவில்லை. ஆனால் அக்கா, என் வாழ்நாளுக்கும் அது எனக்கு வலிக்கும்.

இந்தக் கடிதத்தை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. நானே நான்கு தடவை வாசித்தேன். மாமாவின் பெல்ட் இருக்கிறது. இளவரசி இருக்கிறாள். பசு இருக்கிறது, கன்று இருக்கிறது, சீம்பால் இருக்கிறது. ஆஸ்பத்திரி இல்லை. பதினொன்றாம் தேதி ஊசி. கடிதம் இருபதாம் தேதி. போயிருந்தால் டாக்டரைக் கிண்டல் செய்து ஒரு பக்கம் எழுதியிருப்பாய்.

நீ போகவில்லை.

முகூர்த்த வேலை என்று சொல்வாய், மாமாவுக்கு லோடு என்று சொல்வாய். அதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அன்றைக்கு டாக்டரைச் சிரிக்க வைத்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். உன் நகம் நான்கும் பதிந்து ரத்தம் கட்டி, அது மறையப் பத்து நாள் ஆயிற்று. வலியில் பிடித்தாய் என்று அப்போது நினைத்தேன். ஊசி உள்ளே போவதற்கு முன்னாலேயே பிடித்தாய் என்பது நேற்றுத்தான் ஞாபகம் வந்தது.

கோபால்சாமி சாரிடம் பேசிவிட்டேன். விடுதிப் பொறுப்பு இந்த மாதத்திலிருந்து கெங்கம்மாள் டீச்சருக்கு. வெள்ளிக்கிழமை மாலை இறங்கித் திங்கட்கிழமை காலை ஏறிவிடலாம். ஊசித் தேதிக்கு லீவு தருகிறார். பிள்ளைகளை நான் விடவில்லை, அதனால் வீட்டுக்குள் சேர்க்கமாட்டேன் என்று நீ சொல்ல முடியாது.

இரண்டே கேள்வி கேட்கிறேன். வடையும் பாயசமும் வேண்டாம், மழையும் வேண்டாம், என்னைச் சிரிக்க வைக்கவும் வேண்டாம். ஊசிக்குப் போனாயா? இப்போது உனக்கு எவ்வளவு தெரிகிறது?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் பாப்பா,
கல்பனா


கண்ணமங்கலம்
12 டிசம்பர் 2024

பாப்பா,

நானே எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசித்துக் காட்டிய இளவரசிக்கு இது தெரியாது.

போகவில்லை. மாமா வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டேன்.

இடது கண்ணில் ஒன்றும் இல்லை. வலது கண்ணில் ஒரு வாரமாகக் கறுப்பாக நூல் மாதிரி தொங்குகிறது. இந்தத் தாள் தெரிகிறது. நான் எழுதுவது தெரியவில்லை.

பயமாக இருக்கிறது.

வா.